ராஜினாமாக் கடிதத்தில் எழுதாத காரணம்

1974 ஆகஸ்ட் 9 காலை. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கரின் கைக்கு வெள்ளை மாளிகையின் பெயர் அச்சிட்ட ஒரு தாள் வந்தது. அதில் ஒரே ஒரு வாக்கியம்: அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இத்துடன் விலகுகிறேன். கீழே ரிச்சர்ட் நிக்சனின் கையெழுத்து. கிஸ்ஸிங்கர் அந்தத் தாளிலேயே 11.35 என்று நேரத்தைக் குறித்துத் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டார். நிக்சனுக்கு இன்னும் இரண்டரை ஆண்டுக்குச் சற்றுக் குறைவாகப் பதவிக்காலம் மிச்சம் இருந்தது.

ஏன் விலகுகிறேன் என்று அந்தக் கடிதத்தில் ஒரு சொல்கூடக் கிடையாது. சட்டமும் அதைக் கேட்கவில்லை. கடிதம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும், வெளியுறவு அமைச்சரின் அலுவலகத்தில் சேர வேண்டும், அவ்வளவுதான்.

அரசியல்வாதிகளின் ராஜினாமாவில் முதலில் பிடிபட வேண்டியது இதுதான். கடிதத்தில் காரணம் இருக்காது. இருந்தாலும் பாதிதான் இருக்கும். ‘உடல்நிலை’, ‘சொந்தக் காரணங்கள்’, ‘தார்மீகப் பொறுப்பு’, ‘குடும்பத்துடன் நேரம்’ என்று நாலைந்து சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். உண்மைக் காரணம் வேண்டுமென்றால் கடிதத்தை மூடி வைத்துவிட்டு நாட்காட்டியைப் பார்க்கலாம். இவர் இன்று விலகாமல் இருந்தால் அடுத்த வாரம் என்ன நடந்திருக்கும்? எனக்குத் தெரிந்தவரை, முக்கால்வாசி ராஜினாமாக்கள் இந்த ஒரு கேள்வியிலேயே விளங்கிவிடும்.

நிக்சனையே எடுத்துக்கொள்வோம். எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஒட்டுக்கேட்க ஆட்கள் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்தில், வெள்ளை மாளிகையில் அவர் பேசியதைப் பதிவு செய்த ஒலிநாடாக்களை ஒப்படைக்கச் சொல்லி ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மாத முடிவுக்குள் பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு, பதவி நீக்கத்துக்கான மூன்று குற்றச்சாட்டுகளை நிறைவேற்றிவிட்டது. ஆகஸ்ட் 5 அன்று வெளியான நாடாவில், விசாரணையைத் தடுக்க அவரே பேசியது பதிவாகியிருந்தது. ஆகஸ்ட் 7 அன்று அவருடைய சொந்தக் கட்சித் தலைவர்கள் மூன்று பேர் வந்து செனட்டில் கணக்கு எப்படி இருக்கிறது என்று சொன்னார்கள். தப்பிக்க 34 வாக்குகள் வேண்டும். அவருக்கு இருந்த ஆதரவு அதன் கிட்டக்கூட வரவில்லை. மறுநாள் இரவே தொலைக்காட்சியில் தோன்றி விலகலை அறிவித்தார்.

பெரு நாட்டில் கதை இன்னும் நெருக்கம். அதிபர் பெட்ரோ பாப்லோ குச்சின்ஸ்கியைப் பதவி நீக்குவதற்கான வாக்கெடுப்பு 2018 மார்ச் 22 அன்று நடப்பதாக இருந்தது. மார்ச் 21 அன்று அவர் ராஜினாமா செய்தார்.

இங்கே ஒரு கேள்வி வரும். எப்படியும் பதவி போகப்போகிறது, அவர்களாகத் தள்ளட்டுமே, நாமாக ஏன் இறங்க வேண்டும்? இரண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ‘பதவி நீக்கப்பட்டவர்’ என்று வரலாற்றில் பதிவாகாது. சில நாடுகளில் பணமும் சம்பந்தப்பட்டிருக்கிறது: அமெரிக்காவில் பதவி நீக்கப்பட்ட அதிபருக்கு முன்னாள் அதிபருக்கான ஓய்வூதியம் கிடையாது, தானாக விலகியவருக்கு உண்டு. நிக்சன் அதைப் பெற்றார். பேரம் பேசவும் வழி இருக்கிறது. நிக்சனின் துணை அதிபர் ஸ்பைரோ ஆக்னியூ 1973 அக்டோபர் 10 அன்று விலகினார். அதே நாளில் நீதிமன்றத்தில் வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டார். அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும் விதித்தார்கள், சிறைக்குப் போகவில்லை. பதவியைக் கொடுத்து விடுதலையை வாங்கினார் என்று சொன்னால் தப்பில்லை.

ஐந்து ஆண்டு யாருக்கு?

‘ஐந்து வருஷத்துக்குத்தானே தேர்ந்தெடுத்தோம், நடுவில் எப்படிப் போகலாம்?’ என்று பலர் கேட்பதுண்டு. இதில் ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது. இந்தியா, பிரிட்டன் போன்ற நாடாளுமன்ற முறையில் ஐந்து ஆண்டு என்பது அவைக்கு உள்ள அதிகபட்ச ஆயுள். பிரதமருக்கு அப்படி ஒரு காலம் கிடையாது. அவையில் பெரும்பான்மை அவர் பக்கம் இருக்கும்வரை அவர் பிரதமர். அது ஐந்து ஆண்டும் இருக்கலாம், ஐந்து வாரத்திலும் போகலாம். அதிபர் முறையில் அப்படி இல்லை. அமெரிக்க அதிபருக்கு நான்கு ஆண்டு என்று தேதி குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்; நாடாளுமன்றத்துக்கு அவரைப் பிடிக்கவில்லை என்பதற்காக அவர் போக வேண்டியதில்லை.

அதனால்தான் 200 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அமெரிக்க வரலாற்றில் ராஜினாமா செய்த அதிபர் நிக்சன் ஒருவரே. பிரிட்டனிலோ 2016 முதல் 2022 வரை மட்டும் கேமரூன், மே, ஜான்சன், டிரஸ் என்று நான்கு பிரதமர்கள் ராஜினாமா செய்தார்கள். பிரிட்டிஷ்காரர்களுக்கு மானம் அதிகம் என்று இதற்குப் பொருள் இல்லை. அங்கே நாற்காலியின் அமைப்பே அப்படி.

இந்தியாவில் 1996இல் அடல் பிகாரி வாஜ்பாய் மே 16 அன்று பதவியேற்று, மே 28 அன்று நம்பிக்கைத் தீர்மான விவாதத்தின் முடிவில், வாக்கெடுப்புக்கு முன்பே எழுந்து ராஜினாமா செய்யப் போவதாக அறிவித்தார். எண்ணிக்கை சேரவில்லை, எண்ணிப் பார்த்துத் தோற்பதைவிட, பேசிவிட்டுப் போவது மேல். அந்த உரையை மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதையும், இரண்டே ஆண்டில் அவர் பிரதமராகத் திரும்பியதையும் சேர்த்துப் பார்த்தால், மோசமான முடிவு என்று சொல்ல முடியாது.

சொந்தக் கட்சி கைவிடும்போது

எதிர்க்கட்சிதான் ஆட்சியைக் கவிழ்க்கும் என்று நினைக்கிறோம். நடப்பில், பெரும்பான்மையோடு இருக்கும் ஒரு பிரதமரை எதிர்க்கட்சியால் அசைக்க முடியாது. அசைப்பது பின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் சொந்தக் கட்சிக்காரர்கள்தான்.

மார்கரெட் தாட்சர் மூன்று பொதுத்தேர்தல்களில் தொடர்ந்து வென்றவர். 1990 நவம்பரில் அவருடைய மூத்த அமைச்சர் ஜெஃப்ரி ஹோ ராஜினாமா செய்தார்; பிறகு அவையில் அமைதியான குரலில், தன் தலைவியை ஏன் இனிமேல் ஏற்க முடியாது என்று விளக்கிப் பேசினார். ஒரு வாரத்தில் கட்சித் தலைமைக்குப் போட்டி வந்தது. நவம்பர் 20 அன்று நடந்த முதல் சுற்றில் தாட்சருக்கு 204 வாக்குகள், எதிர்த்து நின்ற மைக்கேல் ஹெசல்டைனுக்கு 152. சாதாரணக் கணக்கில் இது வெற்றி. ஆனால் கட்சி விதிப்படி குறிப்பிட்ட வித்தியாசம் வேண்டும். அதற்கு நான்கு வாக்குகள் குறைந்தன.

மறுநாள் மாலை அமைச்சர்களை ஒவ்வொருவராகத் தன் அறைக்கு அழைத்துப் பேசினார். வந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே பாட்டைப் பாடினார்கள்: நான் உங்கள் பக்கம்தான், ஆனால் நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள். அந்த ‘ஆனால்’ போதுமானதாக இருந்தது. நவம்பர் 22 காலை விலகலை அறிவித்தார். வாக்குப் பெட்டியில் மக்கள் அவரைத் தோற்கடிக்கவே இல்லை.

போரிஸ் ஜான்சன் விஷயத்தில் அறைக்கு அழைக்க வேண்டிய அவசியம்கூட ஏற்படவில்லை. 2022 ஜூன் மாதம் கட்சிக்குள் நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில் அவர் வென்றிருந்தார். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஜூலை 5 அன்று இரண்டு மூத்த அமைச்சர்கள் விலகினார்கள். அடுத்த இரண்டு நாட்களுக்குள் அரசில் பொறுப்பு வகித்த ஐம்பதுக்கும் மேற்பட்டோர் வரிசையாக ராஜினாமா செய்தார்கள். இலாகாக்களைக் கொடுக்கவே ஆள் இல்லை. ஜூலை 7 அன்று அவரும் அறிவித்தார். அடுத்து வந்த லிஸ் டிரஸ் 45ஆம் நாளிலேயே பிரதமர் இல்லத்தின் அதே வாசலில் நின்று விலகலைச் சொன்னார்.

உடம்பு சரியில்லை

இது மிகப் பழைய காரணம், மிக வசதியான காரணமும்கூட. நோயாளியை யாரும் மேலே கேள்வி கேட்பதில்லை. அதற்காக எல்லாமே நாடகம் என்று முடிவு கட்டுவதும் சரியில்லை.

பிரிட்டிஷ் பிரதமர் அந்தோணி ஈடன் 1957 ஜனவரியில் உடல்நலக் காரணத்தால் விலகினார். சில வாரங்களுக்கு முன்புதான் சூயஸ் கால்வாயைப் பிடிக்க அனுப்பிய படையை, அமெரிக்க நெருக்கடியால் பாதியில் திரும்பப் பெற வேண்டிய அவமானம் நடந்திருந்தது. எல்லோரும் சூயஸ்தான் காரணம் என்றார்கள். ஆனால் அவருக்கு 1953இல் நடந்த பித்தப்பை அறுவை சிகிச்சை தவறாகப் போய், அதன் பிறகு அடிக்கடி கடும் காய்ச்சலால் அவதிப்பட்டார் என்பதும் உண்மை. சூயஸ் வென்றிருந்தால் அதே காய்ச்சலோடு அவர் பதவியில் தொடர்ந்திருப்பாரா? தொடர்ந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஜப்பானின் ஷின்சோ அபே இன்னும் சுவாரசியமான உதாரணம். பெருங்குடல் அழற்சி நோயால் 2007இல் ஒரு முறை, 2020இல் ஒரு முறை, ஆக இரண்டு தடவை பிரதமர் பதவியை விட்டார். முதல் தடவை, மேலவைத் தேர்தலில் கட்சி தோற்ற இரண்டு மாதத்துக்குள் விலகியதால், நோய் என்பது சாக்கு என்று பலர் பேசினார்கள். நோய் உண்மையானது என்பது பிறகுதான் பலருக்குப் புரிந்தது.

நியூசிலாந்தின் ஜசிந்தா ஆர்டன் 2023 ஜனவரியில் விலகியபோது நோய் என்றும் சொல்லவில்லை. இந்த வேலையைச் சரியாகச் செய்யத் தேவையான தெம்பு தன்னிடம் இனி இல்லை என்றார். கருத்துக்கணிப்புகளில் கட்சி இறங்கிக்கொண்டிருந்தது, தேர்தலும் அதே ஆண்டில். ஆனாலும் ஓர் அரசியல்வாதி ‘களைத்துவிட்டேன்’ என்று வெளிப்படையாகச் சொல்வது அபூர்வம்.

ஊழல், பொய்

இதை நீட்ட வேண்டாம். செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் தெரிந்ததுதான். ஒன்றை மட்டும் சொல்லலாம். பலரையும் வீழ்த்துவது செய்த காரியம் அல்ல, அதை மறைக்கச் சொன்ன பொய். பிரிட்டிஷ் போர்த்துறை அமைச்சர் ஜான் புரொஃப்யூமோ 1963 மார்ச்சில், ஓர் இளம்பெண்ணோடு தனக்குத் தகாத உறவு இல்லை என்று அவையில் எழுந்து சொன்னார். ஜூன் மாதம் பொய் சொன்னதை ஒப்புக்கொண்டு விலக வேண்டியதாயிற்று. உறவு அவருடைய சொந்த விஷயம் என்று விட்டிருக்கலாம். அவையில் சொன்ன பொய்யை அப்படி விட முடியாது.

தார்மீகப் பொறுப்பு என்றால்

நாட்காட்டிக் கேள்வி தோற்றுப்போகும் இடம் ஒன்று உண்டு. விலகாமல் இருந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்ற நிலையில் ஒருவர் விலகுவது.

1956 நவம்பர் 23 அதிகாலை, அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமடைந்து, தூத்துக்குடி விரைவு ரயில் ஆற்றில் விழுந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் பாலம் கட்டவில்லை, ரயில் ஓட்டவில்லை, மழையும் அவர் கையில் இல்லை. அதற்குச் சில மாதங்கள் முன்பு மகபூப்நகரில் நடந்த ரயில் விபத்துக்கும் அவர் ராஜினாமா கொடுத்து, பிரதமர் நேரு அதை ஏற்க மறுத்திருந்தார். இந்தத் தடவை விடாமல் கொடுத்தார். விபத்துக்கு சாஸ்திரி காரணம் என்பதற்காக இதை ஏற்கவில்லை, ஒரு முன்மாதிரியாக இருக்கட்டும் என்பதற்காக ஏற்கிறேன் என்ற பொருளில் நேரு அவையில் பேசினார்.

தார்மீகப் பொறுப்பு என்பதன் பொருள் இதுதான்: குற்றம் என்னுடையது இல்லை, துறை என்னுடையது. இந்தச் சொல்லை இன்று தேர்தலில் தோற்ற கட்சித் தலைவர்கள் முதல் பலரும் எடுத்தாள்கிறார்கள். அசலையும் நகலையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி, விலகியவர் எதை இழந்தார் என்று கேட்பது. நெதர்லாந்தில் மார்க் ருட்டே அரசு, குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் ஆயிரக்கணக்கான குடும்பங்களை அநியாயமாக மோசடிக்காரர்கள் என்று முத்திரை குத்திய விவகாரத்துக்குப் பொறுப்பேற்று 2021 ஜனவரி 15 அன்று கூண்டோடு ராஜினாமா செய்தது. கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. தேர்தல் ஏற்கெனவே மார்ச்சில் குறிக்கப்பட்டிருந்தது. புதிய அரசு அமையும்வரை அதே ருட்டேதான் காபந்துப் பிரதமர். புதிய அரசு அமைய 2022 ஜனவரி ஆகிவிட்டது. அந்தப் புதிய அரசின் பிரதமர் யார் என்று கேட்கிறீர்களா? ருட்டேதான்.

கொள்கை வேறுபாட்டால் விலகுபவர்களும் உண்டு, எண்ணிக்கையில் குறைவு. அமைச்சரவை எடுத்த முடிவை வெளியில் எல்லா அமைச்சர்களும் ஆதரித்துப் பேச வேண்டும் என்பது நாடாளுமன்ற முறையின் விதி. மனசு ஒப்பவில்லை என்றால் வெளியே போய்த்தான் பேச முடியும். ஈராக் போருக்கு எதிராக 2003 மார்ச்சில் ராபின் குக் பிரிட்டிஷ் அமைச்சரவையிலிருந்து விலகியது அப்படித்தான். கவனிக்க: அவர் அமைச்சர் பதவியைத்தான் விட்டார், எம்.பி. பதவியை அல்ல. இவை இரண்டு தனிப் பதவிகள். ‘ராஜினாமா’ என்று தலைப்பில் பார்த்ததும் எந்தப் பதவி என்று முதலில் பார்த்துவிடுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வாங்குவதற்காக விடுவது

இறங்குபவர்கள் எல்லோரும் கீழேதான் போகிறார்கள் என்றில்லை. 1969இல் இந்தியக் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். துணைக் குடியரசுத் தலைவர் வி. வி. கிரி அந்தப் பொறுப்பைக் கவனித்தார். தேர்தலில் தானே நிற்பதற்காக ஜூலை மாதம் விலகினார், நின்றார், வென்றார். துணைக் குடியரசுத் தலைவர் தன் ராஜினாமாவைக் குடியரசுத் தலைவருக்கு எழுத வேண்டும் என்பது விதி. அன்று அந்த நாற்காலியின் பொறுப்பில் இருந்தவரும் அவரேதான் என்பது ஒரு வேடிக்கை.

எம்.எல்.ஏ.க்கள் கூட்டமாக விலகுவது இன்னொரு கலை. இந்தியாவில் 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். சரி, வாக்களிக்காமல் முன்கூட்டியே ராஜினாமா செய்துவிட்டால்? அவையின் மொத்த எண்ணிக்கை குறையும், பெரும்பான்மைக்குத் தேவையான எண்ணும் கூடவே இறங்கும், எதிர்க்கட்சி ஓர் ஆளைக்கூடக் கூட்டாமல் பெரும்பான்மை பெற்றுவிடும். 2019 ஜூலையில் கர்நாடகத்தில் ஆளும் கூட்டணி எம்.எல்.ஏ.க்கள் வரிசையாகக் கடிதம் கொடுத்தார்கள். ஜூலை 23 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 99க்கு 105 என்று தோற்றது. சபாநாயகர் அவர்களைத் தகுதி நீக்கம் செய்தார். ஆனாலும் இடைத்தேர்தலில் நிற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிசம்பரில் 15 தொகுதிகளில் நடந்த இடைத்தேர்தலில் பாஜக 12இல் வென்றது. விலகியவர்களில் பலர் இந்தத் தடவை அந்தக் கட்சியின் வேட்பாளர்கள்.

கடிதம் யாரிடம் போக வேண்டும்?

ஒவ்வொரு பதவிக்கும் ஒரு முகவரி உண்டு. இந்தியாவில் பிரதமர் குடியரசுத் தலைவரிடம், முதல்வர் ஆளுநரிடம், எம்.எல்.ஏ. சபாநாயகரிடம். வேறு யாரிடம் கொடுத்தாலும், மேடையில் ஆயிரம் பேர் முன்னால் அறிவித்தாலும், அது பேச்சு மட்டுமே. எம்.பி., எம்.எல்.ஏ. கடிதம் கொடுத்த உடனேயும் காரியம் முடிவதில்லை. மிரட்டி வாங்கிய கடிதங்கள் பெருகியதால் 1974இல் அரசியல் சாசனத்தைத் திருத்தினார்கள்: தானாக முன்வந்து எழுதியதுதான், உண்மையானதுதான் என்று சபாநாயகருக்குத் திருப்தி ஏற்பட்டால்தான் அது செல்லும்.

இலங்கை அதிபர் கோத்தபய ராஜபக்ச விஷயத்தில் இந்தச் சரிபார்ப்பை உலகமே பார்த்தது. 2022 ஜூலை 9 அன்று போராட்டக்காரர்கள் அதிபர் மாளிகைக்குள் புகுந்தார்கள். ஜூலை 13 அன்று விலகுவார் என்று சபாநாயகர் அறிவித்திருந்தார். அன்று அதிகாலை அவர் மாலத்தீவுக்குப் பறந்துவிட்டார், கடிதம் மட்டும் வரவில்லை. அதிபராக இருக்கும்வரை அவர்மேல் வழக்குத் தொடர முடியாது. அந்தப் பாதுகாப்போடு நாட்டைக் கடந்தபின் கையெழுத்துப் போடுவது புத்திசாலித்தனம் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மறுநாள் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தபின் மின்னஞ்சலில் கடிதம் வந்தது. அது உண்மையானதுதானா என்று சரிபார்த்து, 15ஆம் தேதி காலைதான் சபாநாயகர் அறிவித்தார்.

இதெல்லாம் பரவாயில்லை. பிரிட்டிஷ் மக்களவையில் எம்.பி. ஒருவர் ராஜினாமா செய்யவே முடியாது. 1624இல் அவை அப்படித் தீர்மானித்தது, இன்றுவரை மாற்றவில்லை. அப்படியென்றால் விலக விரும்புகிறவர் என்ன செய்வார்? மன்னரின் கீழ் ஊதியப் பதவி ஏற்பவர் எம்.பி.யாக இருக்க முடியாது என்று ஒரு பழைய விதி இருக்கிறது. ஆகவே இதற்கென்றே இரண்டு பதவிகளை வைத்திருக்கிறார்கள்: சில்டர்ன் ஹண்ட்ரட்ஸ் என்ற பகுதியின் காரியக்காரர், நார்த்ஸ்டெட் பண்ணையின் காரியக்காரர். வேலை எதுவும் இல்லை, சம்பளமும் இல்லை. விலக விரும்பும் எம்.பி. நிதியமைச்சருக்கு விண்ணப்பித்து இதில் ஒன்றை வாங்கிக்கொள்வார்; வாங்கிய கணமே எம்.பி. பதவி பறிபோகும். அடுத்தவர் விலக வரும்போது பழையவர் அந்த இடத்தைக் காலி செய்துவிடுவார். 1985 டிசம்பரில் வட அயர்லாந்தின் 15 எம்.பி.க்கள் ஓர் ஒப்பந்தத்தை எதிர்த்து ஒரே நாளில் விலகியபோது, இந்த இரண்டு பதவிகளையும் மாற்றி மாற்றி அத்தனை பேருக்கும் கொடுத்து முடித்தார்கள். கேமரூன் 2016இல் நார்த்ஸ்டெட் பண்ணைக்குப் போனார். 2023 ஜூனில் போரிஸ் ஜான்சன் சில்டர்ன் ஹண்ட்ரட்ஸின் காரியக்காரர் ஆனார்.